மில்லு நல்லா ஓடுன காலம்

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "மில்லு நல்லா ஓடுன காலத்துல" என்ற தொடர் அடிக்கடி காதில் விழும். வீடு கட்டியது, பெண்ணைக் கட்டிக்கொடுத்தது, பையனைக் காலேஜில் சேர்த்தது என்று குடும்பத்தில் நடந்த நல்ல காரியம் எல்லாவற்றுக்கும் அதுதான் காலக்கணக்கு. மில் என்றால் பாபநாசம் மில். ஊர், விக்கிரமசிங்கபுரம். முழுப்பெயரைச் சொல்ல நேரமில்லாதவர்களுக்கு வி.கே.புரம்.

அந்த "நல்ல காலம்" உண்மையில் எந்த ஆண்டுகள், அதை நல்ல காலமாக ஆக்கியது யார் என்று பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை. பழைய நாட்களை நினைத்து ஏங்குவதைக் கிழவர்களின் புலம்பல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஏக்கத்துக்குள் ஒரு துல்லியமான பொருளாதார அனுபவம் இருக்கிறது. ஆனால் அதற்கான நன்றி பெரும்பாலும் தவறான ஆளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

முதலில் ஊரைப் பார்ப்போம். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி மலையைவிட்டு இறங்கிச் சமவெளியைத் தொடும் இடம் பாபநாசம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் வேறு. இது திருநெல்வேலிக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சிவத்தலம். இங்கிருந்து கிழக்கே போகப் போக நெல்வயலும் அக்கிரகாரமும் படித்துறையுமாக ஊர்கள் வரும். கல்லிடைக்குறிச்சிக்கு அப்பளம், வீரவநல்லூருக்குத் தறி, பத்தமடைக்குக் கோரைப்பாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைத்தொழில் பெயர் உண்டு. அந்த வரிசையில் வி.கே.புரத்துக்குக் கிடைத்தது பெரிய நூற்பாலை.

ஏன் இங்கே? பஞ்சு விளைந்தது கரிசல் பூமியில், கோவில்பட்டிப் பக்கம். துறைமுகம் தூத்துக்குடியில். இரண்டுக்கும் தூரமான ஒரு மலையடிவாரத்தில் ஆலை கட்ட வேண்டிய அவசியம் என்ன? ஆறு விழும் உயரம்தான். ஸ்காட்லாந்திலிருந்து பஞ்சு வியாபாரத்துக்கு வந்த ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்கள் 1880களில் திருநெல்வேலி மில்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். நீராவி எஞ்சின் வைத்தால் நிலக்கரி வேண்டும். அது கடல்வழியாக வந்து இறங்க வேண்டும், விலையும் அதிகம். பாபநாசத்திலோ ஆறு தானாகவே உயரத்திலிருந்து விழுகிறது. அந்த நீரை டர்பைனில் விட்டால் நூல் நூற்கும் கதிர்கள் சுழலும். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இது புதிய யோசனையும் அல்ல. கிளைட் ஆற்று அருவிக்குக் கீழே நியூ லனார்க் நூற்பாலை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இப்படித்தான் ஓடத் தொடங்கியது. தாமிரபரணியில் அந்த யோசனை பலித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் ஆறு இது. வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீர் வரும்.

இந்தப் பக்கம் ரயில் வந்ததே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதுவரை பஞ்சுப் பொதி உள்ளே வந்ததும் நூல் வெளியே போனதும் மாட்டுவண்டிப் பாதையில்தான். அப்படியும் கட்டுப்படியானது என்றால், இலவசமாகக் கிடைத்த அந்த நீர்விசை எவ்வளவு பெரிய லாபம் என்று யோசித்துப் பாருங்கள். பாபநாசத்துக்கு அடுத்து ஹார்விகள் தூத்துக்குடியில் கோரல் மில், மதுரையில் மதுரா மில் என்று விரிந்தார்கள். அப்புறம் எல்லாம் மதுரா மில்ஸ் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியபோது, ஒரு மில்லுக்கு விசை கொடுத்த அதே மலைச்சரிவு தென்மாவட்டங்களுக்கே மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது.

ஆற்றைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மில் வரும் முன்பே தாமிரபரணி அங்குலம் அங்குலமாகப் பங்கிடப்பட்ட ஆறு. 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள், அவற்றை நம்பி சுமார் 86,000 ஏக்கர். டர்பைன் சுழற்றிய தண்ணீர் குறையாமல் ஆற்றுக்கே திரும்பிவிடும் என்பதால், நீர்விசையில் ஓடும் நூற்பாலையும் நெல்லும் ஒரே ஆற்றில் பிழைக்க முடிந்தது. இது எல்லாத் தொழில் ஊருக்கும் வாய்க்கவில்லை. நொய்யல் கரையில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட 2011-ல் உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கு 1996-ல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அந்த ஊர்களில் பெரியவர்கள் ஏங்குவது தொழிலுக்கு முந்தைய ஆற்றுக்காக. வி.கே.புரத்தில் ஆறும் மில்லும் ஒரே நினைவுக்குள் சண்டையில்லாமல் இருக்கின்றன. மில் ஊர்களில் இது அபூர்வம். அதனால்தான் இங்கே ஏக்கம் இத்தனை முழுமையாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

துரை கொடுத்ததா?

"வெள்ளைக்கார துரைமார் இருந்தவரைக்கும் தொழிலாளியை நல்லா வச்சிருந்தான்" என்று சொல்வதும் இந்தப் பக்கம் சகஜம். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது நிற்காது.

1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வந்தபிறகுதான் நெசவு, நூற்பு ஆலைகளில் ஆண்களின் வேலைநேரத்துக்கு முதன்முதலாக ஒரு வரம்பு வந்தது. அந்த வரம்பே நாளுக்கு 12 மணி நேரம்! அதற்கு முன் விளக்கு எரியும்வரை வேலை. 1922-ல் வாரத்துக்கு 60 மணி, 1934-ல் 54, 1946-ல் 48 என்று படிப்படியாக இறங்கியது. இன்று நாம் "எட்டு மணி நேர ஷிப்ட்" என்று சாதாரணமாகச் சொல்வது, பாபநாசம் மில் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனபிறகு சட்டமானது. குழந்தைகளும் ஆலைகளில் வேலை செய்தார்கள். 1881-ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை மட்டுமே தடுத்தது.

ஹார்விகளின் ஆலைக்குள் என்ன நிலைமை என்று ஊருக்கே தெரிய வந்தது 1908 பிப்ரவரியில், தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தின்போது. சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தி வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியோடு மோதிக்கொண்டிருந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அந்தத் தொழிலாளர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, வாராந்திர விடுமுறை ஆகியவைதான் கோரிக்கை. ஊர் வியாபாரிகளும் வக்கீல்களும் ஆதரவு கொடுத்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. அடுத்த சில நாட்களில் வ.உ.சி. கைதானார், திருநெல்வேலி கொந்தளித்தது. அது பெரிய கதை, இங்கே அவ்வளவுக்குப் போக வேண்டாம். நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பாபநாசத்தில் நல்ல எஜமானர் என்று நினைக்கப்படும் அதே முதலாளிகளின் இன்னொரு ஆலையில், வாரத்தில் ஒரு நாள் ஓய்வைக்கூடத் தொழிலாளி கேட்டு, மல்லுக்கட்டி வாங்க வேண்டியிருந்தது.

ஆக, நல்ல காலம் எப்போது தொடங்கியது? என் கணக்கில் 1950களில். 1947-ல் தொழிற்தகராறுச் சட்டம். 1948-ல் தொழிற்சாலைச் சட்டமும், தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. சட்டமும். 1952-ல் சேமநல நிதி (பி.எஃப்.) சட்டம் வந்தபோது முதலில் சேர்க்கப்பட்ட ஆறு தொழில்களில் ஜவுளியும் ஒன்று. 1965-ல் போனஸ் சட்டம், 1972-ல் பணிக்கொடைச் சட்டம். இவை புத்தகத்தில் கிடந்துவிடாமல் சம்பளக் கவருக்குள் வந்து விழுந்ததற்குக் காரணம் தொழிற்சங்கங்கள். கொடி வேறு வேறாக இருந்தது. பேச்சுவார்த்தை மேஜையில் கிடைத்தது எல்லோருக்கும் பொதுவாகப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலம் 1980களின் இறுதியோடு தளர ஆரம்பித்தது. ஆலையின் 140 ஆண்டு வரலாற்றில் ஒரு நாற்பது ஆண்டுதான் தேறும். அப்பா பார்த்தார், மகன் பாதி பார்த்தான், பேரன் கேள்விப்படுகிறான்.

மாதச் சம்பளம் ஊருக்குள் செய்தது

நெல்விளையும் ஊரில் பணம் பூவுக்குப் பூ, அறுவடைக்கு அறுவடை வரும். கார், பிசானம் என்று இரண்டு போகம். நடுவில் கடன். நிலமில்லாதவருக்குக் கூலி நெல்லாகவும் வரும், அது வேலை இருக்கும் நாளில் மட்டும்தான். அப்படிப்பட்ட ஒரு வட்டாரத்தின் நடுவில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மாதாமாதம் ஒரே தேதியில் ரொக்கம் வந்தால் என்ன ஆகும்?

முதலில் கடைக்காரர் மாறுவார். சம்பள நாள் நிச்சயம் என்பதால் பற்று நோட்டுப் போட்டு மளிகை கொடுப்பார். மில் அடையாள அட்டை இருந்தால் ஜவுளிக்கடையில் தவணை கிடைக்கும். தீபாவளிக்கு முன்னால் போனஸ் அறிவிப்பு வரும்வரை கடைவீதி முழுக்க அதே பேச்சாக இருக்கும். எத்தனை சதவீதம் என்பது தொழிலாளிக்கு மட்டுமா செய்தி? தையற்காரருக்கும் பட்டாசுக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் அதுதான் செய்தி. அப்புறம் சீட்டு. மாதச் சம்பளக்காரர் இருபது பேர் சேர்ந்தால் ஒரு சீட்டு, அதை எடுத்தால் ஒரு நகை அல்லது ஒரு அறைக்குக் கான்கிரீட். சேமநல நிதியிலிருந்து முன்பணம் வாங்கி ஓட்டு வீட்டை மெத்தை வீடாக்கினார்கள். மில்லில் நிரந்தரம் ஆன பையன் என்றால் கல்யாணச் சந்தையில் தனி மதிப்பு. பெண் வீட்டார் முதலில் விசாரிப்பது "பதிலியா (மாற்றாளா), பெர்மனெண்ட்டா?" என்பதுதான்.

ஊரின் நேரத்தையே மில் சங்கு வைத்திருந்தது. அடுப்புப் பற்றவைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, நைட் ஷிப்ட் முடித்தவர் ஆற்றில் குளித்துவிட்டு வருவது எல்லாம் சங்குக் கணக்கில் நடந்தது. சத்தத்துக்காக யாரும் ஏங்குவதாக நான் நினைக்கவில்லை. சங்கு ஊதினால் மில் ஓடுகிறது, மில் ஓடினால் தேதிக்குச் சம்பளம் வரும். அந்தப் பயமின்மைக்காக ஏங்குகிறார்கள்.

நினைவில் தங்காதவையும் இருக்கின்றன. அவற்றையும் சொன்னால்தான் நியாயம்.

நூற்பாலைக்குள் காற்று உலர்ந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஈரப்பதத்தை உயர்த்தி வைப்பார்கள். திருநெல்வேலி வெயிலில் அந்தப் புழுக்கத்தோடு எட்டு மணி நேரம் நின்று சைடு பார்க்க வேண்டும். சைடு பார்ப்பது என்றால் ஓடும் கதிர்வரிசைக்கு முன்னால் நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருப்பது. பஞ்சு உடைக்கும் பிரிவிலும், பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் தூசி பறக்கும். அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு ஒரு விசித்திர குணம் உண்டு: வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு அடைப்பு அதிகமாக இருக்கும். உலகெங்கும் பஞ்சாலைத் தொழிலாளர்கள் கண்ட அனுபவம் இது. இயந்திர இரைச்சலில் காது மந்தமாவதும் சகஜம். ஓய்வுபெற்ற மில்காரர் வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவது இதனால்தான்.

பதிலிகளின் கதையும் அப்படித்தான். கேட்டில் வந்து நின்று, நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் மட்டும் உள்ளே போகிறவர்கள் பதிலிகள். சில பேருக்கு அந்த நிலை வருஷக்கணக்கில் நீடிக்கும். பழைய ஆலைகளில் ஆள் எடுப்பது மேஸ்திரி வழியாகவும் உறவு வழியாகவும் நடந்ததால், உள்ளே சொந்தக்காரர் இல்லாத குடும்பத்துக்கும் சாதிப்படியில் கீழே தள்ளப்பட்டவர்களுக்கும் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை. பெண்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். தொடக்ககால ஆலைகளில், குறிப்பாக நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில், பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வேலை நிரந்தரமாகி, சம்பளம் உயர்ந்து, ஷிப்ட் முறை உறுதியான அதே காலத்தில் இந்திய ஆலைகளில் பெண்களின் பங்கு சரிந்தது. "மில்லுக்குப் போன அப்பா" என்று எழுதுகிறவர்கள் அதிகமாகவும் "மில்லுக்குப் போன ஆச்சி" என்று எழுதுகிறவர்கள் குறைவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

வி.கே.புரமும் பெய்ஸ்லியும்

1974-ல் மதுரா மில்ஸும் ஜே. அண்ட் பி. கோட்ஸ் கம்பெனியின் இந்தியப் பிரிவும் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. கோட்ஸின் பூர்வீகம் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி. வொயிட் கார்ட் என்ற சிறிய ஆற்றங்கரையில் வளர்ந்த நூல் ஊர் அது. அங்கே ஃபெர்கஸ்லி மில் கோட்ஸ் குடும்பத்துடையது, ஆங்கர் மில் கிளார்க் குடும்பத்துடையது. 1896-ல் இரண்டும் ஒன்றாயின. நம் வீட்டுத் தையல் டப்பாவில் கிடக்கும் ஆங்கர் எம்பிராய்டரி நூலின் நங்கூரச் சின்னம் அந்த ஊரிலிருந்து வந்தது.

பெய்ஸ்லியில் மில் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. உச்சத்தில் சுமார் 10,000 பேருக்கு வேலை கொடுத்த தொழில், 1990களில் அங்கே உற்பத்தியை நிறுத்தியது. ஆங்கர் மில்லின் பெரிய கட்டிடம் இப்போது குடியிருப்பு. முன்னாள் தொழிலாளர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து ஒரு சிறிய நூல் மில் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். ஒரே கம்பெனியின் இரு முனைகளில், ஒரே மாதிரி ஏங்குகிற இரண்டு ஆற்றங்கரை ஊர்கள்! முதலாளியின் சொந்த ஊருக்குக்கூட விதிவிலக்கு கிடைக்கவில்லை.

பழைய ஆலைகள் தேய்ந்ததற்குக் காரணம் "சங்கம்தான் கெடுத்தது" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. சங்கமே வலுவாக இல்லாத ஆலைகளும் அதே காலத்தில் மூடின என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நடந்தது பல அடுக்கு. தையல் நூலில் பருத்தியின் இடத்தைப் பாலியஸ்டர் பிடித்துக்கொண்டது. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையின் அதிவேக மிஷினுக்கு அறுபடாத நூல் தேவைப்பட்டது. இயந்திரங்கள் நவீனமாக ஆக, ஆயிரம் கதிருக்கு வேண்டிய ஆள் குறைந்துகொண்டே போனது. துணி நெய்யும் தொழில் பெரிய ஆலைகளிலிருந்து விசைத்தறிக்குப் போனது. கோவை, திண்டுக்கல், இராஜபாளையம் பக்கங்களில் சிறுசிறு நூற்பாலைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. 1991-ன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு போட்டி இன்னும் இறுகியது. கம்பெனியின் கவனமும் மாறியது. ஆடைப் பிராண்டுகள் வைத்திருந்த மதுரா கார்மெண்ட்ஸ் 2000-ஐ ஒட்டி பிர்லா குழுமத்துக்குக் கைமாறியது. பாபநாசம் மில் அடியோடு மறைந்துவிடவில்லை. ஊரையே தாங்கிய மில் என்ற நிலைதான் போனது. விருப்ப ஓய்வு என்ற சொல் வட்டாரத்துக்குப் பழகியது.

அந்த இடத்துக்கு வந்தது என்ன என்று பார்த்தால் ஏக்கத்தின் அர்த்தம் இன்னும் தெளிவாகும். புதிய நூற்பாலைகள் பலவற்றில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் கேம்ப் முறை வந்தது. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வேன் ஏறிப் போன இளம்பெண்களுக்கு, மூன்று ஆண்டு முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை என்று பேசப்பட்டது. சுமங்கலித் திட்டம் என்று பெயர். நிரந்தரம் இல்லை, பணிக்கொடை இல்லை, சங்கம் அறவே இல்லை. இன்று வடமாநிலத் தொழிலாளர்கள் அதே விடுதிகளில் இருக்கிறார்கள். பஞ்சும் கதிரும் இழையும் மாறவில்லை. அந்த நூலைக் கொண்டு ஒரு ஊரை நிமிர்த்தும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது.

இதே தாமிரபரணிப் படுகையில் இன்னொரு ஏக்கம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மாஞ்சோலை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,000 ஏக்கருக்கு மேல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து பம்பாய் பர்மா கம்பெனி உருவாக்கிய தேயிலைத் தோட்டம். கூலி உயர்வு கேட்டுப் போராடிய அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம் போலீஸ் தடியடியில் முடிந்து, 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கும்போதே, 2024-ல் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலையைவிட்டு இறங்க வேண்டிய நிலை வந்தது. அவ்வளவு இரத்தம் சிந்திய இடத்தைவிட்டுப் போக மனமில்லை என்று அவர்கள் அழுதபோது பலருக்கு வியப்பாக இருந்தது. எனக்கு இல்லை. நான்கு தலைமுறையாகக் கட்டிய கோயிலும் சுடுகாடும் பள்ளிக்கூடமும் அங்கே இருக்கின்றன. கம்பெனியை நேசிக்காமலே அந்த இடத்தை நேசிக்க மனிதரால் முடியும்.

வி.கே.புரத்தில் 1950களில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. முதல் போனஸில் என்ன வாங்கினீர்கள்? எத்தனை வருஷம் பதிலியாக நின்றீர்கள்? உங்கள் பிரிவில் எந்தத் தெருக்காரர்கள் இருந்தார்கள், எந்தத் தெருவிலிருந்து யாருமே இல்லை? ரீலிங்கில் இருந்த பெண்கள் அப்புறம் என்ன ஆனார்கள்? சங்கத்தில் சேர்ந்ததற்கு வீட்டில் என்ன சொன்னார்கள்? பரண்மேல் கிடக்கும் ஈ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு, சங்க நோட்டீஸ், ஓய்வுபெற்ற நாளில் எடுத்த குரூப் போட்டோ ஆகியவற்றை ஒரு அறையில் சேர்த்துவைக்க பெய்ஸ்லிக்காரர்களால் முடிந்திருக்கிறது. வி.கே.புரத்திலும் அப்படி ஒரு அறை வேண்டும். அதன் சுவரில் ஹார்வி சகோதரர்களின் படம் இருந்தால் இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் 1948, 1952, 1965 என்ற ஆண்டுகளும் அந்தச் சட்டங்களின் பெயர்களும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.